எண்பது நாற்றும் ஒரு பானை வெந்நீரும்

11 ஜனவரி 1986, சனி

மேல் வரிசையில் காபிச் செடிக் கவாத்து பாதிதான் முடிந்தது. கத்தரி மழுங்கிக் கிடக்கிறது. சாணை பிடித்துத் தாருங்கள் என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. "பார்க்கலாம்" என்கிறார். போன வருஷம் காபி பாக்டரி கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வச்சிராவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் - பார்க்கலாம்.

சாயங்காலம் கூட்டம் முடிந்து வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நியாகியோ அம்மா, பிரேசில்ல மழை பொய்ச்சுப்போச்சாம். அங்க காபி எல்லாம் கருகிடுச்சு. நமக்கு நல்ல காலம் பொறந்தாச்சு!"

பிரேசிலில் எவளோ ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவர் இங்கே துள்ளுகிறார். யாருக்கு நல்ல காலம் பிறந்தாலும் பறிக்கப்போவது நான்தானே? டீ கொடுத்தேன்.

2 பிப்ரவரி

இன்று சர்ச் விட்டு வந்தபின் இவர் கயிறும் குச்சியுமாகக் கீழ்நிலத்தில் நின்றார். அடுக்களைக்குப் பின்னால் சரிவில் இருக்கிற என் தோட்டம். நான் கல்யாணமாகி வந்த வருஷம் இவருடைய அம்மா, அவர் ஆத்மா சாந்தியடையட்டும், என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இதுல விதைக்கிறது உன்னுது, இதுல யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்த இடம். இருபத்தோரு வருஷமாக மொச்சையும் சோளமும் சர்க்கரைவள்ளியும் அதில்தான்.

கமிட்டிக்காரர்கள் ஆளுக்கு எண்பது காபி நாற்று கூடுதலாக வைத்து ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமாம்.

"மேல முந்நூத்தி நாப்பது செடி உங்களுது. நான் அதுல பங்கு கேட்டேனா?"

"பத்திரம் மொத்தமும் என் பேர்லதான் இருக்கு."

"அப்ப ராத்திரிக்குப் பத்திரத்தை வேகவச்சுத் தரேன், தின்னுங்க."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறேன்.

9 மார்ச்

திக்காவில் கட்டிக்கொடுத்த மகள் நியாகியோவிடமிருந்து கடிதம். கால் வீங்குகிறதாம். ஜூலையில் பிரசவம். தலைப்பிள்ளை. அடுத்த வாரம் திக்கா போய் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும்.

23 மார்ச், ஞாயிறு

அஞ்சு நாள். அஞ்சே அஞ்சு நாள்தான் நான் வீட்டுல இல்ல.

பஸ்ஸை விட்டு இறங்கி, பையை வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்தேன். கீழ்நிலம் முழுக்கக் குழி. குழிக்கு ஒரு நாற்று. ஓரத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டி மாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். நாலு கூலியாள் வைத்து இரண்டு நாளில் முடித்தாராம். எண்ணிப் பார்த்தேன். எண்பது. ஒண்ணு குறையல, ஒண்ணு கூடல.

இவர் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நட்டாச்சு. இனிமே பேசி என்ன ஆகப்போகுது? காபியைப் பிடுங்கினா சட்டப்படி குத்தம், தெரியுமில்ல?"

அதற்குத்தான் நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்தாரா? இருபத்தோரு வருஷம் ஒரே பானையில் தின்ற மனுஷன். திருடன் மாதிரி. என் பின்வாசல் வழியா.

24 மார்ச்

சமைக்கவில்லை.

25 மார்ச்

இன்றும் இல்லை. ரொட்டி வாங்கித் தின்றார்.

5 ஏப்ரல்

மழை பிடித்துவிட்டது. எங்கள் எட்டுப் பேர் கூட்டில் இன்று என் முறை. ஒவ்வொரு வாரமும் ஒருத்தி நிலத்தில் எட்டுப் பேரும் கொத்துவோம், யாரும் யாருக்கும் கூலி தருவதில்லை. நாற்றுக்கு நடுவில் மொச்சை விதைக்கப்போகிறேன் என்றேன். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை.

முகோ அம்மா மட்டும் வாயை மூடவில்லை. அவள் மூடினால்தான் அதிசயம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாற்றைப் பார்த்துச் சொன்னாள்: "காபிக்கு மருந்து வேணும், உரம் வேணும், காலடியில புல்லுப் போர்வை வேணும். எனக்குப் பிள்ளை பொறந்தப்பகூட இவ்வளவு கவனிப்பு இல்லடி!"

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். இவர் பார்த்தார். ரேடியோ கேட்க உள்ளே போய்விட்டார்.

29 ஏப்ரல்

மொச்சை இரண்டு இலை விட்டிருந்தது. கருகருவென்று, கொழுகொழுவென்று. விவசாய ஆபீசர் கமண்டே மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயது. பூட்ஸில் சேறு படாமல் வரப்பிலேயே நின்றார்.

"காபி வரிசைக்குள்ள வேற பயிர் கூடாதும்மா. சட்டம்."

"சட்டத்துக்குப் பசிக்காதா சார்?"

அவர் என்னோடு பேசுவதை விட்டு இவர் பக்கம் திரும்பினார். "கமிட்டி மெம்பர் வீட்டுலயே இப்படின்னா நான் மத்தவங்களை என்னன்னு கேக்கறது?"

அவ்வளவுதான். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோட்டோடு குனிந்தார். வரிசை வரிசையாக என் மொச்சையைப் பிடுங்கி எறிந்தார். ஆபீசர் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும்.

அப்பா ஞாபகம் வந்தது. வாலிபத்தில் திக்கா பக்கம் ஒரு வெள்ளைக்காரன் எஸ்டேட்டில் பழம் பறித்தவர். அந்தக் காலத்தில் கறுப்பன் காபி பறிக்கலாம், நடக்கூடாது. அப்பா ஒரே ஒரு நாற்றைப் போர்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்து குடிசைக்குப் பின்னால் வைத்தார். ஒரு வருஷம் வளர்ந்தது. யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். செடியைப் பிடுங்கிப்போட்டு, அப்பாவை மூன்று மாசம் உள்ளே வைத்தார்கள். ரொம்ப காலம் கழித்துத்தான், நடுங்கள் நடுங்கள் என்று அவர்களே நாற்று கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கினபோது சிரித்தாராம்.

இதை ஆபீசரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன், சீ!

18 மே

பாக்டரி கதவில் புது நோட்டீஸ். "ஒரு பச்சைக்காய் கலந்திருந்தாலும் பழ டின் முழுவதும் திருப்பி அனுப்பப்படும்." கையெழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது. இவர் எழுதியது. ஒவ்வொரு எழுத்துக்கும் வால் வைத்திருக்கிறார். தரம் உயர வேண்டும் என்று கமிட்டியில் இவரே எழுந்து பேசிக் கொண்டுவந்த விதியாம்.

முதலில் திரும்பிய டின் என்னுடையது. பாயில் கொட்டி இருட்டும்வரை பொறுக்கினேன். இரண்டு பச்சைக்காய் இருந்தது. இரண்டு.

12 ஜூலை, சனி

பெண் குழந்தை! தாயும் பிள்ளையும் நலம். மாப்பிள்ளை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், அதுதான் முறை. அடுத்தது பெண்ணாகப் பிறந்தால் என் பெயர். நான் காத்திருப்பேன்.

பிள்ளை பெற்றவளுக்கு மொச்சை வேகவைத்துப் போட வேண்டும். அம்மா தன் தோட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தன் தோட்டத்திலிருந்து.

15 ஜூலை

மரகுவா சந்தையில் வாங்கினேன். வேறு வழி? எனக்கு மொச்சை விற்றவள் எங்களோடு சர்ச்சுக்கு வருகிறவள். "நீங்களா வாங்கறீங்க நியாகியோ அம்மா?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான்.

திக்காவில் சம்பந்தியம்மா என் பையை வாங்கி முறத்தில் கொட்டினார். கைவிரலால் ஒரு சுற்று சுற்றினார். பழுப்பும் கறுப்பும் கலந்த மொச்சை, போன வருஷத்ததும் இந்த வருஷத்ததும். கூடவே கல்.

"எந்தச் சந்தையில வாங்கினீங்க சம்பந்தி?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. உட்கார்ந்து அவரே கல் பொறுக்க ஆரம்பித்தார். "இருக்கட்டும், கொண்டாந்ததை நாங்க சமைச்சுக்கறோம். காபிக்காரங்க, உங்களுக்கு நேரம் ஏது!"

நியாகியோ தின்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தின்றாள், என் பெண்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் குழந்தை செத்துப்போச்சா என்று கேட்டார். இல்லை, பிறந்திருக்கிறது என்றேன்.

18 ஜூலை

சந்தை மொச்சையில் மீதி இருந்ததை இன்று வேகவைத்தேன். முதல் தண்ணீர் கசக்கும், கறுப்பாகக் கொதிக்கும்போதே வடித்துக் கொட்டிவிட வேண்டும். எங்கே கொட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பானையோடு கீழே இறங்கினேன். வரப்பை ஒட்டிய முதல் நாற்று.

ஒன்று.

19 ஜூலை

இன்னொன்று.

20 ஜூலை

ஞாயிறு. சர்ச்சுக்குப் போனேன். இன்று ஓய்வு, நாற்றுக்கும்.

21 ஜூலை

இரண்டு. மொச்சை தீர்ந்துவிட்டது. இன்று வெறும் வெந்நீர்தான். அதுவும் போதும்.

14 ஆகஸ்ட்

முதலில் வெந்நீர் ஊற்றின இருபது நாற்று இலை தொங்கிக் கருகிவிட்டது. இவர் ஒவ்வொன்றாகக் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆபீசர் மண்ணை எடுத்து முகர்ந்தார். வேர் அழுகல் என்றார். நீல மருந்து எழுதிக் கொடுத்தார். இவர் முராங்கா டவுனுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தார். காய்ந்துபோன குச்சிக்கெல்லாம் மருந்து.

பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

6 செப்டம்பர்

எழுபது முடிந்தது. வடக்கு மூலையில் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிடப் போகிறேன். அப்பாவுடையது ஒன்றுதானே?

20 செப்டம்பர், சனி

கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லையாம், இவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். நான் கீழே எழுபத்தொன்பதாவதற்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், வரப்பில் நிற்கிறார்.

"அது என்ன?"

"வெந்நீர்."

பானையைப் பார்த்தார். நாற்றைப் பார்த்தார். நிலம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஜூலையிலேர்ந்து."

"அந்த மருந்து..."

"நான் வாங்கச் சொன்னேனா?"

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கோட்டில் மண் ஒட்டியது. பயமா, கோபமா, எனக்கே தெரியவில்லை. ஆனாலும் பானையைக் கீழே வைக்கவில்லை.

"ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நீ உள்ள போகணும்."

"சொல்லுங்க. எங்கப்பாவை நட்டதுக்குப் பிடிச்சாங்க. மகளை வெந்நீர் ஊத்தினதுக்குப் பிடிக்கட்டும். எங்க குடும்பத்துக்கு ஜெயில் ஒண்ணும் புதுசு இல்ல."

எழுந்தார். "நான் கமிட்டி மெம்பர். அக்டோபர் மழைக்கு வேற எண்பது கொண்டாந்து இதே குழியில வைப்பேன்."

"தாராளமா வைங்க. மேல இருக்கிற முந்நூத்தி நாப்பது செடியில பழத்தையும் நீங்களே பறிச்சுக்குங்க. நான் பறிக்கமாட்டேன்."

சிரித்தார். ஆமாம், சிரித்தார். நான் சொன்னதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது. நான் பறிக்கமாட்டேன்.

4 அக்டோபர்

கூட்டு வேலை முகோ அம்மா நிலத்தில். கொத்தும்போது எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர், பறிக்கமாட்டேன் என்றது வரைக்கும். எட்டு மண்வெட்டியும் நின்றுவிட்டது. பிறகு முகோ அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"வேர் அழுகல்! ஆபீசர் சொன்னாரா? வேர் அழுகலாம்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் பறிக்கல. பாக்டரி கார்டுல அவர் பேரு, பழம் தூக்கற முதுகு மட்டும் என்னுதா? போன வருஷம் பணம் வந்தப்ப எங்காளு மரகுவாவுல மூணு நாள் ஆட்டுக்கறி தின்னுட்டு, எனக்கு ஒரு தலைத்துணி வாங்கியாந்தாரு. அதுவும் சாயம் போற துணி."

ஒவ்வொருத்தியிடமும் ஒரு தலைத்துணி கதை இருந்தது. எங்களில் சின்னவள் நியாவிரா, கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, அவளும் சரி என்றாள். எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

9 அக்டோபர்

மேல் வரிசை சிவந்துவிட்டது. நான் போகவில்லை. மாட்டுக்குப் புல் அறுத்தேன், வீடு பெருக்கினேன், துணி துவைத்தேன். இவர் காலையில் செடியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ரேடியோவைத் திருகுகிறார்.

கூலிக்கு ஆள் தேடினார். இந்த மாசம் எங்கே கிடைப்பார்கள்? எல்லார் வீட்டிலும்தான் பழம்.

13 அக்டோபர், திங்கள்

இவர் பறிக்கப் போனார்.

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு. கயிறு முடிச்சு பின்னால் விழ வேண்டும், முன்னால் போட்டிருந்தார். பத்து அடிக்கு ஒருமுறை டின் முழங்காலில் இடித்தது. நான் வாசலில் உட்கார்ந்து சோளம் உரித்தேன். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பழமாகத் திருகி எடுக்க வேண்டும், காம்பு செடியிலேயே நிற்க வேண்டும். அந்தக் காம்படியில்தான் அடுத்த வருஷப் பூ. இவர் கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவினார். பழம், பச்சை, இலை, காம்பு எல்லாம் டின்னுக்குள். கமிட்டி மெம்பர்! பதினெட்டு வருஷமாகக் காபி வைத்திருக்கிறார், ஒரு நாள்கூடப் பறித்ததில்லை. எனக்கே இன்றுதான் அது உறைத்தது.

எழுந்து போய்ச் சொல்லிக் கொடுக்கலாமா என்று இருந்தது. அது அவர் மேல் இரக்கம் இல்லை, செடி மேல். போகவில்லை.

14 அக்டோபர்

முகோ அம்மா ஓடி வந்தாள். பாக்டரி பக்கம் பால் கொடுக்கப் போனாளாம். தற்செயலாக! அவள் வீட்டு மாடு இரண்டு மாசமாகக் கறப்பதில்லை.

இவர் இரண்டு டின் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போயிருக்கிறார். தரம் பார்க்கிற பையன் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கதவைக் காட்டினானாம். "மன்னிக்கணும் சார். நீங்களே எழுதினதுதான்." பின்னால் நின்ற ஆண்களில் ஒருத்தர் நோட்டீஸைச் சத்தமாகப் படித்தாராம், ஒவ்வொரு வாலையும் விடாமல்.

பாயில் கொட்டிப் பொறுக்க உட்கார்ந்தாராம். பக்கத்தில் முகோ அப்பாவும்தான், அவர் டின்னும் திரும்பிவிட்டது. மொத்தம் ஐந்து ஆண்கள் வரிசையாக, கால் நீட்டிக்கொண்டு. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் இன்று அந்த வழியாகத்தான் போனார்களாம்.

"கமிட்டி மெம்பர், இடுப்பு சௌக்கியமா?"

"பச்சையைத் தனியா வைங்க மாமா, சிவப்பைத் தனியா வைங்க. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே!"

இருட்டின பிறகு வந்தார். விரலெல்லாம் பிசின். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

17 அக்டோபர்

நியாவிராவை அவள் புருஷன் வீட்டார், பறிக்கிறாயா, பிறந்த வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்களாம். நேற்றிலிருந்து பறிக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகோ அம்மா ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டாள், பிறகு அவளே போய் நியாவிராவின் குழந்தையைச் சாயங்காலம்வரை தூக்கி வைத்துக்கொண்டாளாம்.

ஏழு பேர்.

24 அக்டோபர்

கிழக்கு வரிசையில் பழம் கறுத்து உதிர்கிறது. மண்ணெல்லாம் காபி. என் கையால் கவாத்து செய்த செடி, என் கையால் சாணம் போட்ட செடி. நியாகியோவின் தம்பிக்கு ஜனவரியில் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஒரு துண்டு மொச்சைத் தோட்டத்துக்காக இவ்வளவு பெரிய பிடிவாதமா?

ஆமா. இவ்வளவு பெரிய பிடிவாதம்தான். அஞ்சு நாள் நான் இல்லாதப்ப எடுத்துக்கிட்டாரே. கேட்டிருந்தா பாதியாவது குடுத்திருப்பேன். கேக்கலையே!

26 அக்டோபர், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியில் இவர் பின்னால் நடந்து வந்தார். எப்போதும் முன்னால்தான் நடப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். வாய்க்கால் தாண்டினபோது சொன்னார்:

"கீழ்நிலத்துல இனிமே நாத்து வைக்கல. இருக்கறதையே பறிச்சு மாளல."

நான் நின்றேன். "வைக்கலன்னா மட்டும் போதாது. அது யாருதுன்னு சொல்லுங்க."

வழியில் ஆள் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "உன்னுது."

"காதுல விழல."

"உன்னுது! எங்கம்மா உனக்குக் குடுத்தது. போதுமா?"

மரத்திலிருந்து இரண்டு காக்கை பறந்தது. போதும் என்றேன். வீட்டுக்கு வந்து சோளமும் பயறும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.

27 அக்டோபர்

விடிந்ததும் மேலே போனேன். இவரும் வந்தார். திருகி எடுப்பதைக் காட்டினேன், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எப்படிப் போக வேண்டும் என்று. நாலு பழத்தில் மூன்றைக் காம்போடு பிய்த்தார். பரவாயில்லை, ஒன்று சரியாக வந்தது.

முகோ அம்மா பாதிப் பணம் தன் கையில் வேண்டும் என்று பேசி முடித்துவிட்டாளாம். அவர் தருவாரா என்பது பணம் வரும்போது தெரியும். மற்றவர்களில் இரண்டு பேருக்கு வெறும் வாய்ப்பேச்சுதான் கிடைத்தது.

மத்தியானம் எட்டுப் பேரும் கீழ்நிலத்தில் மொச்சை விதைத்தோம். எட்டுத்தான். நியாவிரா எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

22 நவம்பர்

கொடி ஓடுகிறது. பறிப்பு பாதி முடிந்தது. இவர் தினமும் ஒரு டின், நான் மூன்று. கதவிலிருந்த நோட்டீஸ் காற்றில் கிழிந்துவிட்டதாம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று நான் கேட்கவில்லை.

5 மார்ச் 1987, வியாழன்

ஆபீசர் கமண்டே வந்தார். கையில் பெரிய நோட்டு. கமிட்டி மெம்பர்களின் புது நாற்றுகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டுமாம். அடுக்களையிலிருந்தே பார்த்தேன். மொச்சை இடுப்பளவு, கறுப்பாகக் காய்ந்த நெற்று கொத்துக் கொத்தாக. இவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து வரப்பில் நின்றார்.

"எண்பது நாத்துன்னு இருக்கு சார். எங்க?"

"செத்துப்போச்சு. நீங்கதானே வந்து பார்த்தீங்க? வேர் அழுகல்."

"மருந்து அடிச்சீங்களா?"

"கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சேன். ஊரே பார்த்துச்சு."

ஆபீசர் தலையைச் சொறிந்தார். எட்டிப் பார்த்தார். "அதோ மூலையில ஒண்ணு இருக்கே! காபிக்கு நடுவுல மொச்சை போட்டிருக்கீங்க. சட்டப்படி..."

இவர் அந்த ஒற்றைச் செடியைப் பார்த்தார். அதை நான் ஏன் விட்டேன் என்று இவரிடம் சொன்னதே இல்லை. அப்பா கதை இவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு செடிக்கு நடு எது, ஓரம் எது சார்? ஒண்ணுன்னு எழுதிக்கிட்டுப் போங்க. அதை யாரும் தொடமாட்டோம்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் மேடு தாண்டிப் போகும்வரை நான் கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன். இவர் உள்ளே வந்தார், டீ கேட்டார். சர்க்கரை கூடப் போட்டேன்.

7 மார்ச், சனி

மொச்சை அடித்துப் புடைத்தாயிற்று. கறுப்பு, எல்லாம் ஒரே கறுப்பு, ஒரு கல் கிடையாது. இரண்டு பை கட்டினேன். ஒன்று நியாகியோவுக்கு, ஒன்று சம்பந்தியம்மாவுக்குத் தனியாக.

எனக்குத் திக்கா போக நேரம் இல்லை, களை எடுக்க வேண்டும். இவரைப் போகச் சொன்னேன். ஆம்பளை எங்கேயாவது மொச்சை தூக்குவானா என்றார். பழம் தூக்கினீங்களே என்றேன்.

"சம்பந்தி கேட்டா என்ன சொல்ல?"

"முறத்துல கொட்டிப் பாக்கச் சொல்லுங்க. என் தோட்டத்துதுன்னு சொல்லுங்க."

கோட்டு போட்டுக்கொண்டு, இரண்டு தோளிலும் ஒவ்வொரு பையாக, ஏழு மணி பஸ்ஸுக்குப் போனார்.